பிக்கப் வண்டி ‘ஸ்லோ’வில் நடுங்கி நிற்கிறதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலை 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு வட்டாரங்களில் விளையும் மரவள்ளி, சாமை, புளி, கடுக்காய் எல்லாம் கீழே இறங்குவதற்குப் பிக்கப் வண்டியையே நம்பியிருக்கின்றன. சமவெளியில் கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் பயிரிடுகிறவர்களுக்கும் உரம் ஏற்ற, விதை ஏற்ற, சந்தைக்குப் போக அதே வண்டிதான். சிறு விவசாயி கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய டீசல் வண்டி. அதில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஓடுகிறது. காலை எடுத்ததும் இன்ஜின் நடுங்குகிறது, ஏறி இறங்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. மெக்கானிக்குகள் இதை ‘ஸ்லோ நிற்கவில்லை’ என்றும் ‘மிஸ் அடிக்கிறது’ என்றும் சொல்கிறார்கள்.

ஓடுகிறவரை ஓடட்டும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பலர். மலைப்பாதையில் அது கூடாது. பறித்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. உள்ளே நீலக் கோடு ஓடி, மாவுச்சத்து குறைந்துவிடும். சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். வண்டி வழியில் ஒரு நாள் படுத்தால் அந்த நஷ்டம் விவசாயியின் கணக்கில்தான் விழும். இது பணத்தோடு போகிற நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது.

இன்ஜின் அணைந்தால் பிரேக்கும் கனத்துவிடும்

இவ்வகை வண்டிகளில் பிரேக் பெடலுக்குத் துணை செய்வது வாக்குவம் பூஸ்டர். டீசல் இன்ஜினில் அந்த வாக்குவத்தை உண்டாக்க ஒரு சிறு பம்ப் இருக்கிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜின் நின்றால் அந்தப் பம்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்குப் பாரத்தோடு இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன் கிளட்சை மிதித்த நேரத்தில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படி நேர்ந்துவிட்டால் பெடலை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே, கிளட்சை விட்டு வண்டியைக் கியரில் கட்டுப்படுத்தி, ஹாண்ட் பிரேக்கையும் மெல்ல இழுத்து ஓரம் கட்ட வேண்டும். நின்றவுடன் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே பானெட்டைத் திறக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு நேர் எதிராக இருக்கிறது. கியரில் இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. காலை எடுத்திருந்தால் பம்பில் உள்ள கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் தானே ஓடியாக வேண்டும், அதற்கு டீசல் செலவாகும். ‘ஸ்லோ’ சரியில்லாத வண்டியை நியூட்ரலில் இறக்குவது, பிரேக்கை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவதற்குச் சமம்.

திருகைத் திருப்பி மூடி மறைப்பது

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போனதும் நடக்கும் முதல் காரியம், பம்பில் உள்ள ‘ஸ்லோ’ திருகைத் திருப்பி ஓட்டத்தைக் கூட்டுவது. இன்ஜின் அணையாமல் நிற்கும். வண்டிக்காரரும் திருப்தியோடு திரும்பிவிடுவார். கோளாறு உள்ளேயே இருக்கும். நின்ற இடத்தில் டீசல் கூடுதலாகச் செலவாகும், ரிவர்ஸ் கியர் விழும்போது உதைக்கும், கிளட்ச் தேயும். ஒரு மாதத்தில் மறுபடியும் ‘ஸ்லோ’ இறங்கும், மறுபடியும் திருகு.

அடுத்த யோசனை, ‘பம்பை இறக்கி வேலை பார்க்க வேண்டும், நாசிலும் மாற்ற வேண்டும்’ என்பது. சில சமயம் அது உண்மையாகவே தேவைப்படும். ஆனால் அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்கு முன் சில நூறு ரூபாயிலும் அரை நாள் உழைப்பிலும் பார்த்துவிடக் கூடிய காரணங்கள் இருக்கின்றன. பழைய டீசல் வண்டியில் ‘ஸ்லோ’ கெடுவதற்கு டீசலில் காற்று, டீசலில் தண்ணீர், அடைத்த பில்டர் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். பம்ப் கடைசியில்தான் வர வேண்டும்.

எப்போது நடுங்குகிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் கவனித்துப் பார்ப்பது நல்லது. காலையில் குளிர்ந்த இன்ஜின் மட்டும் வெள்ளைப் புகையோடு நடுங்கி, சூடானதும் சரியாகிவிட்டால் நாசிலோ கம்ப்ரஷனோ சந்தேகத்துக்கு உரியது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இரவு நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ப் அடித்த பிறகே பிடிக்கிறது, பிடித்தபின் ஏறி இறங்கி ஓடுகிறது என்றால் எங்கோ காற்று நுழைந்து, டீசல் டாங்கிற்குத் திரும்பி ஓடியிருக்கிறது. டாங்கில் டீசல் குறைந்திருக்கும்போதும் ஏற்றத்திலும் மட்டும் கோளாறு வந்தால் டாங்கின் உறிஞ்சு குழாயைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஓடியபின் மட்டும் ‘ஸ்லோ’ இறங்கினால் பில்டர் அல்லது டாங்க் மூடி. இவை இரண்டும் சரியாக இருந்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின்தான் இறங்குகிறது என்றால் பம்பின் தேய்மானமாக இருக்கலாம்.

மலைமேல் பழியைப் போடுவது எளிது. 4,000 அடி உயரத்தில் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும் என்பது உண்மைதான். அதனால் பாரத்தோடு ஏறும்போது இழுவை குறையும், கரும்புகை வரும். ஆனால் பாரமில்லாமல் நிற்கும் ஓட்டத்துக்கு அந்தக் காற்றே தாராளம். கீழே சரியாக நிற்கும் ‘ஸ்லோ’ மேலே போனதும் அடியோடு கெட்டால், ஏர் பில்டரையும் ஏற்றத்தில் காற்றை உறிஞ்சும் டீசல் குழாயையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் தூசியும்

மலைக் கிராமங்களில் இரவுக் குளிர் அதிகம். பாதி டாங்கோடு நிற்கும் வண்டியில், டாங்கின் உள்சுவரில் பனித்துளி போல நீர் கோத்து டீசலுக்கு அடியில் தங்கும். பங்க் தூரமாக உள்ள ஊர்களில் கேனில் டீசல் வாங்கி வைப்பதும் உண்டு. மருந்து அடித்த கேனும் எண்ணெய் வந்த கேனும் இதற்கு ஆகாது. டீசலுக்கென்று தனிக் கேன் வைத்து, ஒரு நாள் ஆடாமல் தெளியவிட்டு, அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைத்தால் நீர் கோப்பதற்கு இடமே இருக்காது.

பில்டரின் அடியிலோ தனிக் கிண்ணமாகவோ நீர் வடிக்கும் திருகு ஒன்று இருக்கும். இன்ஜின் ஓடாதபோது அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். வாரம் ஒருமுறை இதைச் செய்யலாம்; மழைக்காலத்தில் அதற்கும் மேல். பல வண்டிகளில் உள்ள ரோட்டரி வகைப் பம்புக்கு உள்ளே ஓடும் டீசலேதான் உயவு எண்ணெய். தண்ணீர் போனால் அதன் பாகங்கள் துருப்பிடித்துக் கீறிவிடும். மண்ணெண்ணெய் கலந்தாலும் இதே கதிதான். ஆகவே அந்தச் சிக்கனம் பம்ப் விலையில் போய் முடியும்.

டீசல் பில்டர் கறுத்து அடைத்திருந்தால் கழுவிப் போடுவதில் அர்த்தமில்லை. காகித பில்டரைக் கழுவினால் அழுக்கு சுத்தமான பக்கத்துக்கே போய்ச் சேரும். புதியதை மாற்றி, அதன் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். பழைய வளையத்தையே மறுபடி போடுவதால் காற்று நுழைந்து, ‘பில்டர் மாற்றிய பிறகுதான் கெட்டது’ என்று புலம்ப நேர்கிறது.

டாங்க் மூடியையும் மறந்துவிடக் கூடாது. அதில் காற்றுத் துளை உண்டு. சேறும் கிழங்கு மண்ணும் அடைத்தால் டாங்கிற்குள் காற்று போகாது. டீசல் வெளியே வராது. ‘ஸ்லோ’ இறங்கும் நேரத்தில் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, இன்ஜினும் தேறினால் காரணம் கிடைத்துவிட்டது.

கசியாத கசிவு

இந்தக் கோளாறில் அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது காற்றுதான். டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஒரு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. வெளிக் காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு இல்லை, குழாயும் காய்ந்திருக்கிறது, ஆகவே கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேகமாக ஓடும்போது அதிக டீசல் பாய்வதால் இந்தக் காற்று அவ்வளவாகத் தெரியாது. ‘ஸ்லோ’வில் ஒவ்வொரு முறையும் நாசிலுக்குப் போகும் டீசல் மிகச் சிறு துளி. அதில் ஒரு குமிழி கலந்தாலே இன்ஜின் தடுமாறிவிடும்.

கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை கிளிப் போட்டுப் பொருத்த வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு டியூபைப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். காற்று எடுத்த சில நிமிடங்களில் குமிழி நின்றுபோக வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது.

எங்கே என்று பிரிக்க இன்னொரு சோதனை. டாங்கிலிருந்து வரும் குழாயை பில்டர் பக்கத்தில் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து நேராக ஒரு டியூபை பில்டருக்குக் கொடுக்க வேண்டும். கேனை இன்ஜினைவிட உயரத்தில், சைலன்ஸர் சூடும் பெல்ட்டும் படாத இடத்தில் கட்டி வைக்க வேண்டும். இப்போது ‘ஸ்லோ’ சரியாக நின்றால் பம்பும் நாசிலும் குற்றமற்றவை. கோளாறு டாங்கிலோ குழாயிலோ இருக்கிறது. ஒரு விஷயம்: மிச்ச டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிற்கே போவதால் கேன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காலியாகும். முழுவதும் காலியாக விட்டால் மறுபடி ஏர் பிடிக்கும்.

குற்றம் குழாயில் என்று தெரிந்தால் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பாஞ்சோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர், கைப் பம்பின் அடி, உராய்ந்து தேய்ந்த இரும்புக் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். கழற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும். ரப்பரைப் பற்றி உலக அனுபவம் ஒன்றும் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, பல பழைய வண்டிகளின் பம்பில் இருந்த ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு கந்தகம் மட்டுமே உள்ள டீசல் விற்கப்படுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பு செய்த வண்டியில் பழைய ரப்பர் இன்னும் இருந்தால் மாற்றிவிடுவதே மேல்.

வேலை முடிந்ததும் காற்று எடுக்க வேண்டும். பில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். பிறகு செல்ப் அடிக்கலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரியும். நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

எந்த சிலிண்டர்?

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் ஒரே சீராக ‘டக்… டக்…’ என்று மிஸ் அடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், ‘ஸ்லோ’வில் ஓடும்போது நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி இறுக்குவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓட்டம் இன்னும் இறங்கும். எதைத் தளர்த்தினாலும் மாறுதல் இல்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். இதை அனுபவமுள்ள மெக்கானிக்கே செய்ய வேண்டும். டிஐ இன்ஜினில் நாசில் திறக்கும் அழுத்தம் லாரி டயர் காற்றைப் போல 20 மடங்குக்கும் மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். கையில் அப்படி ஒரு சிறு துளை விழுந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காமன் ரெயில் வகை வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் பல மடங்கு அதிகம். ‘ஸ்லோ’வைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்வதால் திருப்புவதற்குத் திருகும் கிடையாது. தண்ணீர், பில்டர், டாங்க் மூடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மீதியை ஸ்கானர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட வேண்டும்.

படுத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்தால் பனி போலத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். விவசாயி பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. தூவும் நாசிலை யாரும் மாற்றச் சொல்ல முடியாது. நாசில் நன்றாக இருந்தும் அந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் டேப்பட் இடைவெளி, பிறகு கம்ப்ரஷன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுவதும் நீலப் புகையும் ரிங் தேய்ந்ததைக் காட்டும். ரேடியேட்டரில் குமிழி வந்து தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. இருந்தும் முகம் வெந்துபோகிறவர்கள் உண்டு.

சில வண்டிகளில் இன்ஜின் சத்தம் சீராக இருக்கும். கேபின் மட்டும் உதறும். அது இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போனதன் அடையாளம். அதற்குப் பம்பைக் கழற்றினால் பணம்தான் போகும். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகி, லீவர் முழுதாகத் திரும்பாமல் நிற்பதாலும் ‘ஸ்லோ’ ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் குறைவாகவும் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெயில் தீரக் கூடியது இது.

எல்லாம் பார்த்த பிறகு, இன்ஜின் சூடாக இருக்கும்போது ‘ஸ்லோ’ திருகைச் சரி செய்யலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் வரும். வண்டியின் கையேட்டில் உள்ளதே சரியான அளவு. பம்பின் மற்றத் திருகுகளை, முக்கியமாக ஈயமோ பெயின்ட்டோ வைத்து முத்திரையிட்ட திருகை யாரையும் தொடவிடக் கூடாது. அது டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளந்து திருப்ப வேண்டியது.

பம்பை இறக்கியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் போன்ற ஊர்களில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். பழைய தலைமுறை மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்றே சொல்வார்கள். 1951-ல் தொடங்கிய அந்த மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பாகம் வாங்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்கலாம். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் கோமுகி அணைப் பக்கம் சமதரையில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் ‘ஸ்லோ’வில் விட்டுப் பார்த்த பிறகே மலைக்கு ஏற்ற வேண்டும். முதல் இறக்கம் காலி வண்டியாக இருக்கட்டும். பாரம் மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம்.